சவுக்கு வெட்டப் போகும் பிள்ளைகளுக்கு

தம்பி, அம்மணி, இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சின்ன டிராக்டரை ஓட்டி வந்து வாசலில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிய அன்றைக்கே கேட்டீர்கள்: "பெரியப்பா, வாய்க்கால் ஓரத்துச் சவுக்கை நாங்களே வெட்டி வீட்டுக்கு விறகு சேர்த்துக்கொள்ளலாமா?" அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். இரண்டு ராத்திரி தூக்கம் சரியாக வரவில்லை. தாராளமாகச் செய்யலாம். ஆனால் மரம், ரம்பம், வண்டி மூன்றும் ஒரே இடத்தில் சேரும் வேலை இது. நாற்பது வருஷத்தில் நான் கண்டதை வரிசை போட்டு வைக்கிறேன். வெட்டுவதற்கு முதல் நாள் ஒரு தடவை சத்தமாகப் படியுங்கள்.

1. வேலையை அடுப்பிலிருந்து தொடங்குங்கள்.

விறகு வேலை காட்டில் முடிகிறது என்றுதான் ஆண்பிள்ளைகள் நினைக்கிறோம். அடுப்பு முன்னால் உட்காருகிறவருக்குத்தான் அது நல்ல விறகா இல்லையா என்று தெரியும். என் அம்மா பச்சை விறகை ஊதி ஊதியே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். அப்பா நல்ல உழைப்பாளி, ஆனால் விறகு தீர்ந்த பிறகு விறகு வெட்டப் போவார். வெட்டிய வாரமே அது அடுப்புக்கு வரும். கட்டையின் நுனியில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு நிற்கும், வீடு முழுக்கப் புகை. அந்தப் புகைக்கு அம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை, காலம் தவறி வெட்டிய எங்கள் மேல்தான் குற்றம்.

உங்கள் வீட்டில் கேஸ் இருக்கிறது. வெந்நீர், மாட்டுக்குத் தவிடு காய்ச்சுவது, களி கிண்டுவது, விசேஷச் சமையல் இவற்றுக்குத்தான் விறகு. ஒரு கணக்குச் சொல்கிறேன். நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறக்குறைய 4,000 கிலோ கலோரி சூடு தரும். சாதாரண மண் அடுப்பில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்குதான் பாத்திரத்தில் ஏறும், மீதி காற்றோடு போகும். அப்படிப் பார்த்தால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் வேலைக்குச் சுமார் 200 கிலோ காய்ந்த விறகு வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிலோ எரித்தாலும் வருஷத்துக்கு 1,800 கிலோவுக்கு மேல் ஆகிறது. பச்சையாக வெட்டும்போது எடையில் பாதிக்குப் பக்கம் தண்ணீர். அப்படியென்றால் மூன்று டன்னுக்கு மேல் வெட்டி, இழுத்து, ஏற்றி இறக்க வேண்டும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மரத்தை எண்ணுங்கள். தேவைக்கு மேல் ஒரு மரத்தையும் சாய்க்க வேண்டாம்.

2. இந்த வருஷம் வெட்டுவது அடுத்த வருஷத்து அடுப்புக்கு.

நம் ஊரில் இதற்குத் தனிப் பஞ்சாங்கம் பார்க்கத் தேவையில்லை, மேட்டூர் அணையே சொல்லிவிடும். அணையில் தண்ணீர் இருக்கிற வருஷத்தில் கிழக்குக் கரை, மேற்குக் கரை வாய்க்கால்களில் ஆகஸ்ட் 1-ஆம் தேதி விட்டு டிசம்பர் 15 வரை, 137 நாள் தண்ணீர் ஓடும். சேலம், நாமக்கல், ஈரோடு மூன்று மாவட்டத்திலும் சேர்த்து 45,000 ஏக்கர் அதில் பாய்கிறது. அந்த நாட்களில் வாய்க்கால் ஓரத்து மண் குழைந்து கிடக்கும். சின்ன வண்டி அச்சு வரை இறங்கிவிடும்.

தண்ணீர் நின்று, மார்கழி கழிந்து, பொங்கல் வைத்த பிறகு கத்தியைத் தீட்டுங்கள். தை, மாசியில் வெட்டினால் பங்குனி, சித்திரை, வைகாசி வெயில் மூன்று மாதம் முழுசாகக் கிடைக்கும். அதன்மேல் ஆடிக்காற்று வந்து உள்ஈரத்தையும் உறிஞ்சிவிடும். புரட்டாசி மழைக்கு முன்னால் கொட்டகைக்குள் போய்விட வேண்டும். இந்தச் சுற்றில் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் அடுத்த வருஷம் புகை குடிப்பீர்கள்.

3. மரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கொடைக்கானல் பைன் காட்டைப் பார்த்துவிட்டு வந்த அம்மணி, "நம்ம சவுக்கும் அதே சாதிதானே, இலை ஊசி ஊசியாக இருக்கிறதே" என்று கேட்டாள். பார்வைக்கு அப்படித்தான். காய்கூடக் குட்டிக் கூம்பு மாதிரி இருக்கும். ஆனால் சவுக்கு பூக்கிற மரம், ஊசியிலை மரச் சாதி இல்லை. நாம் இலை என்று நினைப்பது மெல்லிய பச்சைக் குச்சி. அதன் கணுவில் பல் மாதிரி ஒட்டியிருப்பதுதான் இலை. பைனில் பிசின் உண்டு, எரித்தால் கரி அப்பும். சவுக்கில் அந்தத் தொல்லை கிடையாது. நின்று எரியும், கங்கு நல்லது, சாம்பல் குறைவு.

இது நம் மண்ணில் பிறந்ததும் இல்லை. 1868-இல் கார்வார் கடற்கரையில் நட்டதிலிருந்து இந்தியாவில் பரவியது. ரயில் இஞ்சினுக்கு விறகு வேண்டுமென்றே நம் கிழக்குக் கடற்கரையில் தோப்புத் தோப்பாக வளர்த்தார்கள். இப்போது நம் பக்கம் பள்ளிபாளையம், புகளூர் காகித ஆலைகளுக்காக நடுகிறோம். உங்கள் அப்பா நடுத்தோப்பை ஆலைக்குக் கொடுத்துவிட்டு, கரையோர மூன்று வரிசையை மட்டும் வீட்டுக்கென்று விட்டார். ஆலைக்குப் போகும் மரம் மூன்று நான்கு வருஷத்தில் வெட்டுவது, கைக்கு அடங்கும். உங்களிடம் இருப்பது பத்து வருஷத்து மரம். அடியில் 20 சென்டிமீட்டர், உயரம் ஐம்பது அடி. விளையாட்டுக்கு ஆகாது.

4. மரம் யாருடையது என்று பாருங்கள்.

பட்டா நிலத்துச் சவுக்கு உங்களுடையது. வாய்க்கால் கரை உங்களுடையது அல்ல. எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்கள். புறம்போக்கு மரத்தில் பலன் எடுத்துக்கொள்ள 2சி பட்டா இருந்தாலும் மரத்தை வெட்டிக்கொள்ளலாம் என்று அர்த்தம் இல்லை. வரப்பில் தானாக முளைத்த சந்தனத்தை வனத்துறை அனுமதியில்லாமல் தொடக்கூடாது. நம் பக்கத்துக் கரடுகளில் பறவை போட்ட விதையில் அது எங்கு வேண்டுமானாலும் தலை காட்டும். பனையை வெட்ட 2021 முதல் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். அணையில் தண்ணீர் வற்றும்போது, பண்ணவாடிப் பக்கம் பழைய கோயில் நந்தி வெளியே தெரியும் நாட்களில், நீர்த்தேக்கத்துத் தரையில் சீமைக்கருவேலம் கண்ணுக்குத் தெரியும். அதுவும் அரசாங்க நிலம்தான். டிராக்டர் இருக்கிறது என்பதற்காக அங்கே இறங்கிவிடாதீர்கள்.

5. வேட்டி, துண்டு, தாவணி, தொங்கும் சடை எதுவும் இந்த வேலைக்கு வரக்கூடாது. முழுக்கால் சட்டை, இறுக்கமான சட்டை, கணுக்கால் மூடும் காலணி, தலைக்கவசம், கண்ணாடி. டிராக்டரின் பின்னால் சுற்றும் பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று, நொடிக்கு ஒன்பது. துண்டின் ஒரு முனை அதில் பட்டால் கையை எடுக்க வேண்டும் என்று மூளைக்குத் தோன்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நான் துண்டில்லாமல் வெளியே போகிறவன் இல்லை. விறகு நாளில் மட்டும் அது வீட்டுக் கொடியில் தொங்கும்.

6. மேலே பாருங்கள்.

அணை மின்நிலையமும் அனல் மின்நிலையமும் இருக்கிற ஊர் நம்முடையது. எந்தத் தோட்டத்தில் நின்றாலும் ஏதாவது ஒரு கம்பி தலைக்கு மேல் போகும். ஐம்பது அடி மரம் ஐம்பது அடி தள்ளித்தான் தலையை வைக்கும். கம்பி அந்தத் தூரத்துக்குள் இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லி, லைனை நிறுத்திய பிறகுதான் ரம்பம் எடுக்க வேண்டும். கோபுரத்து லைன் பக்கம் என்றால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். நிற்கட்டும்.

7. சாய்ப்பதற்கு முன்னால் ஓட்டப் பாதை.

மரம் எந்தப் பக்கம் சாய விரும்புகிறது என்று தூர நின்று பாருங்கள். நம் பக்கம் ஆடிக்காற்றில் வளர்ந்த ஓர வரிசை பெரும்பாலும் கிழக்கே சாய்ந்திருக்கும். விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவில் ஒரு துண்டு எடுங்கள், மரத்தின் பருமனில் நாலில் ஒரு பங்கு ஆழம். பிறகு எதிர்ப் பக்கத்திலிருந்து, அதைவிட இரண்டு விரல் உயரத்தில் அறுத்து வாருங்கள். இரண்டு வெட்டும் முட்டிக்கொள்ளக் கூடாது. நடுவில் ஒரு விரல் தடிமனுக்கு மரம் விட்டு வைக்க வேண்டும். கதவுக்குக் கீல் மாதிரி அதுதான் மரத்தைப் பிடித்து, சொன்ன பக்கத்துக்கு இறக்கும். அதையும் அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்குப் போகும்.

மரம் அசைந்ததும் பின்பக்கமாகச் சாய்வாட்டத்தில் விலகுங்கள். நேர் பின்னால் ஓடாதீர்கள், அடிமரம் உதைத்துக்கொண்டு பின்னால் வரும். அந்த வழியில் முள், கல், கயிறு எதுவும் கிடக்கக்கூடாது. வெட்டுவதற்கு முன் நீங்களே பெருக்கி வைத்துக்கொள்ளுங்கள். வெட்டாதவர் இரண்டு மர நீளம் தள்ளி நிற்க வேண்டும். அங்கிருந்து பார்த்துக் குரல் கொடுப்பதுதான் அவருக்கு வேலை.

நெருங்கி நட்ட சவுக்கில் மரம் முழுசாக விழாது. பக்கத்து மரத்தில் சாய்ந்து நின்றுவிடும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பயம் தருவது அந்த மரம்தான். அதன் அடியில் போகாதீர்கள், அதைத் தாங்கும் மரத்தை வெட்டாதீர்கள், மேலே ஏறிக் கிளை கழிக்காதீர்கள். அடிமரத்தில் நீளக் கயிறு கட்டி, டிராக்டரை மரத்தின் உயரத்துக்கு மேல் தள்ளி நிறுத்தி, மெதுவாக அடியைப் பின்னுக்கு இழுத்தால் தலை தானாக இறங்கும். பொழுது சாய்ந்துவிட்டதென்றால் சுற்றிலும் கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டு வீட்டுக்கு வாருங்கள். ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு அன்று மாலையே சொல்லிவிடுங்கள்.

8. இழுக்கும் சங்கிலி தாழ்வாக இருக்கட்டும்.

இந்த ஒன்றுக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுத உட்கார்ந்தேன்.

முப்பத்தைந்து வயதில் ஒரு புளியந்தூரைப் பிடுங்க இரவல் டிராக்டர் கொண்டு வந்தேன். சங்கிலியை எங்கே மாட்டுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பின்னால் மேலே ஒரு ஓட்டை இருந்தது, மூன்று புள்ளி இணைப்பின் மேல் கம்பி மாட்டும் இடம். கைக்கு எட்டும் வசதி, அங்கே மாட்டினேன். கிளட்சை விட்டதும் தூர் அசையவில்லை, பின்சக்கரம் வழுக்கவும் இல்லை. சுற்ற முடியாத சக்கரத்தை விட்டுவிட்டு வண்டியே அச்சைச் சுற்றி எழும்பியது. முன்சக்கரம் இரண்டும் என் நெஞ்சு உயரத்துக்கு மேலே போனதைப் பார்த்தேன். கால் இன்னும் கிளட்சின் மேலேயே இருந்தது, மிதித்துவிட்டேன். வண்டி திரும்ப மண்ணில் இறங்கியது. என் மாமன் முறை ஒருவர் இன்னொரு வருஷம் இதே மாதிரி ஒரு காரியத்தில் இறங்கினார். அவருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

டிராக்டர் பின்னால் மல்லாருவதற்கு ஒன்றரை நொடி கூட ஆகாது. குதித்துத் தப்பிக்கலாம் என்று நினைக்கக்கூட அது போதாது. அதனால் சங்கிலியை எப்போதும் பின்அச்சுக்குக் கீழே இருக்கும் இழுவைக் கம்பியில் மாட்டுங்கள். அச்சில் சுற்றாதீர்கள், மேல் இணைப்பில் மாட்டாதீர்கள். கயிறு தளர்வாகக் கிடக்கும்போது வேகமாகப் போய் வெடுக்கென்று இழுக்காதீர்கள். முதல் கியர், கிளட்சை மெல்ல விடுங்கள், சங்கிலி விறைத்த பிறகு இழுங்கள். முன்சக்கரம் லேசாகத் தூக்கினாலும் நிறுத்திவிட வேண்டும். உங்கள் வண்டியில் பின்னால் பாதுகாப்புச் சட்டம் இல்லை என்பதைப் பார்த்தேன். விற்றவரிடம் கேட்டுப் பொருத்திக்கொள்ளுங்கள். செலவுதான், செய்யுங்கள்.

தூர் பிடுங்குவது இந்த வண்டிக்கு வேலையே இல்லை. சுற்றிலும் மண் பறித்து, பக்க வேரைக் கோடாரியால் வெட்டி, கடப்பாரை போட்டு எடுங்கள். இல்லை, இரண்டு மழைக்கு விட்டால் கறையான் பாதி வேலையைச் செய்து கொடுக்கும்.

9. கணக்குப் பார்த்துப் பாரம் ஏற்றுங்கள். பச்சைச் சவுக்கு தண்ணீருக்குச் சமமான கனம். ஓர வரிசை மரத்தில் அடிப்பக்கம் இருபது இருபத்தைந்து அடித் துண்டு 150 கிலோவுக்குக் குறையாது. உங்கள் வண்டியின் எடையே 650 முதல் 850 கிலோவுக்குள்தான் இருக்கும். ஒரு தடவைக்கு இரண்டு மரம் இழுங்கள். மூன்றாவதை மறு நடையில் கொண்டு வரலாம். அடிப்பக்கம் முன்னால், நுனி பின்னால், அடியைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிக் கட்டினால் மண் பிடிக்காது, ரம்பத்தின் பல்லும் தப்பும்.

10. வாய்க்கால் கரையிலிருந்து இறங்கும்போது டிரெய்லர் வண்டியைத் தள்ளும். மேலே நிற்கும்போதே சின்ன கியரில் போட்டுக்கொண்டு இறங்குங்கள், நடுவழியில் கியர் மாற்ற வேண்டாம், நியூட்ரல் கூடவே கூடாது. டிராக்டரில் இரண்டு பிரேக் மிதி தனித்தனியாக இருக்கிறது. உழவில் திரும்புவதற்கு அது வசதி. ரோட்டுக்கு வந்ததும் இரண்டையும் இணைக்கும் கொக்கியைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி கவிழும். சரிவில் குறுக்கே ஓட்டாதீர்கள். மட்கார்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள், குழந்தையை ஒருபோதும்.

11. ரம்பத்தின் மூக்கு.

சங்கிலி ரம்பத்தில் பட்டையின் நுனியில் மேல் பாதி எதிலும் படக்கூடாது. பட்டால் ரம்பம் எகிறி முகத்துக்கு வரும். கட்டையை எட்டி அறுப்பதும் தோளுக்கு மேலே தூக்கி அறுப்பதும் வேண்டாம். பெட்ரோலில் எண்ணெய் எத்தனை கலக்க வேண்டும் என்று ரம்பத்தோடு வரும் புத்தகத்தில் இருக்கும். லிட்டருக்கு 20 மில்லி என்று போட்டிருந்தால் 20 மில்லிதான், கண்மட்டத்துக்கு ஊற்றுகிற வேலை வேண்டாம். மழுங்கிய பல் தூளாகத் தள்ளும், தீட்டிய பல் சீவலாகத் தள்ளும். தூள் வந்தால் நிறுத்தி அரம் போடுங்கள். களைப்பு வந்தாலும் நிறுத்துங்கள். எனக்குத் தெரிந்து ஊரில் நடந்த வெட்டுக் காயங்களில் பாதி சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு நடந்தவை.

12. பச்சையிலேயே பிளந்துவிடுங்கள்.

ஒரு முழம் நீளத்துக்குத் துண்டு போடுங்கள், ஒன்றரை அடி. உங்கள் அடுப்பு வாய்க்கு அதுதான் அளவு. மணிக்கட்டை விடப் பெருத்தது எல்லாவற்றையும் இரண்டாக, நான்காகப் பிளக்க வேண்டும். பட்டை மூடிய உருண்டைக் கட்டை வருஷக்கணக்கில் ஈரத்தை விடாது, பிளந்த முகத்தின் வழியாகத்தான் காயும். காய்ந்த பிறகு பிளப்பதற்கு இரட்டை உழைப்பு.

அட்டி போடும் இடத்தில் முதலில் கல் பரப்புங்கள். கல்லுக்கா நம் ஊரில் பஞ்சம். தரையிலிருந்து ஒரு சாண் உயரம் இல்லையென்றால் கறையான் கீழ் வரிசையைத் தின்றுவிடும். ஒரு வரிசை நெடுக, ஒரு வரிசை குறுக்க, காற்று ஊடே போகும்படி அடுக்குங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம். மேலே மட்டும் தென்னங்கீற்றோ தகரமோ போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். பிளாஸ்டிக் தாளால் முழுக்க மூடிக் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சைதான் பிடிக்கும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு கட்டையை மோதிப் பாருங்கள். ஈரக்கட்டை தொப்பென்று விழுந்த சத்தம் தரும், காய்ந்தது கணீரென்று பேசும். வெட்டு முகத்தில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும். இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால் ஒரு கட்டையில் அடையாளம் போட்டு, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது.

13. அட்டிக்குள் கை விடாதீர்கள்.

சுருட்டை விரியனும் கட்டுவிரியனும் தேளும் நம் அட்டிகளில் குடியிருக்கும். விறகை மேலிருந்து எடுங்கள், முதலில் ஒரு கோலால் தட்டுங்கள். இருட்டில் போகாதீர்கள். கடித்துவிட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்ட கையை, காலை அசைக்காமல் வைத்து 108-க்குச் சொல்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மந்திரிக்கிறவரிடம் போகும் அரை மணி நேரம் உயிரின் விலை.

14. எல்லாக் கட்டையும் விறகு ஆகாது. அரளியை எரிக்கவே கூடாது, அதன் புகையும் நஞ்சு. சாயம் பூசின பழைய கதவு, பெட்டிப் பலகை இவற்றையும் சமையல் அடுப்பில் வைக்காதீர்கள். முருங்கையும் ஒதியும் வைக்கோல் மாதிரிப் போய்விடும். புளி, வேலம், கருவேலம் நல்ல விறகு. சீமைக்கருவேலமும் நன்றாக எரியும், ஆனால் அதன் முள் சின்ன வண்டியின் டயரைத் துளைக்கும், காலில் ஏறினால் சீழ் வைக்கும். அதை இழுத்து வரும் முன்னே முள்கிளை எல்லாம் கழித்துவிடுங்கள்.

15. தோப்பில் விழுந்த சவுக்கு இலையை மொத்தமாக வாரி வந்துவிடாதீர்கள்.

சவுக்கின் வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்து மரத்துக்குக் கொடுக்கிறது. அதில் ஒரு பங்கு இலையோடு உதிர்ந்து மண்ணுக்குத் திரும்புகிறது. நாம் மரத்தைத்தான் எடுத்தோம், அந்தப் பங்கு நிலத்துடையது. மிலாறையும் நுனிக் குச்சியையும் அடுப்புப் பற்றவைக்கத் தேவையான அளவு கட்டி எடுங்கள், மீதியை வரிசைக்கு நடுவில் பரப்பிவிடுங்கள். தோப்புக்குள் நெருப்பு வேண்டாம். மாசியில் அந்தச் சருகு பஞ்சு மாதிரி. டிராக்டரின் சைலன்சர் சூட்டோடு சருகின் மேல் வண்டியை நிறுத்தினாலே போதும். இரண்டு குடம் தண்ணீர் எப்போதும் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

நாட்டுச் சவுக்கு என்று நாம் சொல்லும் பழைய வகை, வெட்டிய அடியிலிருந்து நன்றாகத் தழைக்காது. வெட்டிய இடத்தில் மழைக்கு முன் குழி எடுத்து நட்டால்தான் மரம். மூன்று வரிசையையும் ஒரே தையில் வெட்டாதீர்கள். வருஷத்துக்கு ஒரு வரிசை வெட்டி, ஐப்பசியில் அங்கேயே நடுங்கள். காற்றுக்குத் தடுப்பு இல்லாமல் உங்கள் வாழை நிற்காது, அப்பா அந்த வரிசைகளை விட்டதற்கு அதுவும் காரணம்.

16. இந்தத் தையில் நீங்கள் அடுக்கும் அட்டியின் முதல் கல்லில் சுண்ணாம்பால் மாதமும் வருஷமும் எழுதி வையுங்கள். அடுத்த தை வரை அதிலிருந்து ஒரு கட்டையும் உருவ வேண்டாம், அம்மா கேட்டாலும் சரி. அதுவரைக்கும் எங்கள் களத்தின் வடக்குப் பக்கத்து அட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் மாசியில் பிளந்தது, கணீரென்று பேசுகிறது. டிரெய்லரோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், வெயில் ஏறுவதற்குள் ஏற்றிவிடலாம். இழுவைக் கம்பியில் சங்கிலி மாட்டுவதையும் அன்றைக்கே கையைப் பிடித்துக் காட்டிவிடுகிறேன்.